பிடிக்காத ஜீப்பும் விடாத ஜீப்பும்

காம்ப் ரோடு சந்திப்பில், காலை எட்டரை மணிக்கு, நான் ஒரு ஜீப்பைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த காட்டன் புடவை, தோளில் கைப்பை, காலில் புதுச் செருப்பு. சாலையின் இரண்டு பக்கமும் என்னிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே எங்கள் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் யாருடைய கிணற்றிலிருந்தோ கழற்றிய தண்ணீர் மோட்டார். மோட்டாருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், ஹாரனிலிருந்து கையை எடுக்காத ஒரு பஸ். இஞ்சின் ஊரையே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி உறுமியது. வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை. அடியிலிருந்து பழங்கோணி கருகுகிற நாற்றம் வந்தது.

“டீச்சர், ஜீப் ஏன் டீச்சர் இப்படிக் கத்துது?” என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்.

“வீட்டுப்பாடம் எழுதலை, அதான் கத்துது. நீ பள்ளிக்கூடம் போ.”

“இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளு, பிடிச்சுக்கும்” என்றார் உள்ளே இருந்தவர்.

“ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க. எது எதைப் பிடிச்சுக்கும்?”

“கிளட்ச்சு.”

அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ஜீப் வந்தது. அதே பச்சை, அதே உருண்டை விளக்கு, அதே சப்பை மூஞ்சி. மேலே மட்டும் இரண்டு புனல் ஸ்பீக்கர். ஓட்டி வந்தவன் என் கூடப்பிறந்த தம்பி ஏழுமலை. என்னைப் பார்த்தான். நான் தள்ளுவதையும் பார்த்தான். நிறுத்தாமல் போய்விட்டான்.

அன்றைக்கு வகுப்பில் பின்னம் நடத்தினேன். எல்லாப் பிள்ளைகளையும் காரணமில்லாமல் திட்டினேன் என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது.

ஒரே லாட்டில் வந்த இரட்டையர்

இந்தத் தொடரில் எங்கள் ஜீப்பைப் பற்றி இரண்டு மூன்று இடத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். குரோம்பேட்டை வாசகர் ஒருவர், “ஒரு கணக்கு டீச்சர் வீட்டில் ஜீப் எப்படி வந்தது? கொஞ்சம் அளக்கிறீர்களோ?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஐயா, நான் அளக்கவில்லை. அளக்காமல் விட்டதுதான் என் தப்பு. அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பம்ப்செட் ரிப்பேர் தொழில். அகரம்தென், மாடம்பாக்கம், மப்பேடு என்று வயல்வெளிக் கிணறுகளுக்குப் போக வேண்டும். அப்போது அங்கெல்லாம் சாலை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார். ஏழுமலை மாடம்பாக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், சீரியல் விளக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு, சாமி ஊர்வலம், தேர்தல் பிரசாரம் என்று திரிபவன்.

ராணுவத்தில் வேண்டாமென்று கழித்த சாமான்களை அவ்வப்போது ஏலம் விடுவார்கள். கொசுவலை, கூடாரம், இரும்புக் கட்டில் என்று எல்லாம் வரும். ஏழுமலைக்கு ஏலம் என்றால் பைத்தியம். ஒருமுறை மூட்டை மூட்டையாகப் பூட்ஸ் எடுத்து வந்தான். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அத்தனையும் இடது கால். வலது கால் அடுத்த ஏலத்தில் வரும் என்று நெடுநாள் காத்திருந்தான். வரவே இல்லை.

அப்படி ஒரு ஏலத்தில்தான் இரண்டு பழைய ஜீப்புகளும், உதிரி பாகங்கள் நிறைந்த ஒரு மரப்பெட்டியும் வந்தன. தனித்தனியாகத் தர மாட்டார்களாம், மூன்றும் சேர்ந்து ஒரே லாட். மாமனும் மச்சானும் கூட்டுச் சேர்ந்து எடுத்தார்கள். அப்போது இருவரும் நகமும் சதையுமாக இருந்த காலம். ஒரு பீடியை இரண்டாகக் கிள்ளிக் குடிப்பார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

ஜீப் இரண்டிலும் இஞ்சின் இருந்தது, கியர் பெட்டி இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய கிளட்சை மட்டும் யாரோ கழற்றியிருந்தார்கள். ஆனால் மரப்பெட்டியைத் திறந்தால், மெழுகுக் காகிதத்தில் சுற்றி, புத்தம் புதிதாக இரண்டு வண்டிக்கும் வேண்டிய கிளட்ச் சாமான்கள். இருவரும் குதித்த குதிப்பைப் பார்த்தால் ஜீப் ஓடவே வேண்டாம் போலிருந்தது.

பங்கு பிரித்தவள்

எங்கள் அப்பா வழியில் ஒரே ஒரு மாமரத்தைப் பிரிக்கத் தெரியாமல் அண்ணன் தம்பி இருவர் சாகும்வரை பேசாமல் இருந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். கட்டியவருக்கும் கூடப்பிறந்தவனுக்கும் நடுவில் பங்கு பிரிக்கிற வேலையைப் புத்தியுள்ள எவளும் தானாகப் போய் வாங்கிக்கொள்ள மாட்டாள். நான் வாங்கிக்கொண்டேன். கர்வம்தான், வேறென்ன. வகுத்தல் என்னைவிட ஒழுங்காக யாருக்கு வரும்?

வாசலில் செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். லாங் சைஸ் நோட்டில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘அவர்’, மறுபக்கம் ‘தம்பி’ என்று எழுதினேன். விளக்கு உங்களுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. ஃபேன் பெல்ட் உங்களுக்கு இரண்டு, அவனுக்கு இரண்டு. ஹாரன் ஒன்றுதான் இருந்தது. அவனிடம்தான் ஊரையே எழுப்பும் ஸ்பீக்கர் இருக்கிறதே என்று அதை அவருக்குக் கொடுத்தேன். நியாயம்தானே?

கிளட்ச் சாமானும் அப்படித்தான். ஜீப் ஓட்டாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கிளட்ச் என்பது முக்கியமாக இரண்டு உருப்படி. ஒன்று வட்டமான கிளட்ச் தட்டு. இன்னொன்று அதன்மேல் மூடி மாதிரி உட்கார்ந்து, ஸ்பிரிங்கால் அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட். அமுக்கிப் பிடித்தால் இஞ்சினின் சுழற்சி சக்கரத்துக்குப் போகும், வண்டி ஓடும். காலால் மிதித்தால் பிடியை விடும், கியர் மாற்றலாம். பிடிக்கிற நேரத்தில் பிடிக்க வேண்டும், விடுகிற நேரத்தில் விட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

பெட்டியில் இரண்டு தட்டு, இரண்டு மூடி. ஒவ்வொன்றிலும் நாலணா அளவுக்குப் பெயிண்டில் ஒரு பொட்டு. ஒரு தட்டில் மஞ்சள், மற்றதில் வெள்ளை. மூடிகளிலும் அதேபோல ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை.

மஞ்சள் மங்கலம். புது வண்டி எடுக்கிற இடத்தில் ஒருவருக்கே இரண்டும் வெள்ளையாகப் போவதா? அவர் என் தாலி, அவன் என் ரத்தம். யாருக்கு அந்த வெள்ளையைத் தள்ளுவேன்? ஆகவே ஆளுக்கு ஒரு மஞ்சள், ஆளுக்கு ஒரு வெள்ளை. அவருக்கு மஞ்சள் தட்டும் வெள்ளை மூடியும். தம்பிக்கு வெள்ளைத் தட்டும் மஞ்சள் மூடியும். எழுதி, அடியில் கோடு போட்டு, இருவரிடமும் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

“அக்கா மாதிரி பிரிக்க ஒருத்தராலயும் முடியாது” என்றான் ஏழுமலை. அது எவ்வளவு பெரிய உண்மை என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒன்று பிடிக்காது, ஒன்று விடாது

அவர் ஜீப்பைச் சேலையூரில் ஒரு மெக்கானிக் பூட்டினார். தம்பி ஜீப்பைக் கிழக்குத் தாம்பரத்தில் இன்னொருவர். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. வண்டிகளும் ஓடின. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நான் முன் சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தேன்.

ஒரு மாதத்தில் அவர் வண்டி தன் குணத்தைக் காட்டியது. வெறும் வண்டியாக, சமதளத்தில் போனால் பரவாயில்லை. மோட்டார் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறச் சொன்னால் உறுமும், கருகும், நகராது. பிடிக்கவே பிடிக்காது.

தம்பி வண்டிக்கு நேர் எதிர் வியாதி. மிதித்தாலும் விடாது. நின்ற இடத்தில் கியர் போட்டால் கரகரவென்று பல்லைக் கடிக்கும். கியரிலேயே நிறுத்தினால் முன்னால் ஊர்ந்துகொண்டே இருக்கும். அவன் தொழிலோ ஊர்வலம். சேலையூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் மேளக்காரர்கள் நின்று நிதானமாக வாசிக்க, பின்னால் ஜீப் மெல்ல மெல்ல நகர்ந்து தவில்காரரின் முதுகை முட்டியது. அவர் தாளத்தை விடாமல் இரண்டடி முன்னே போனார். ஜீப்பும் போனது. மறுபடி முட்டியது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஊர்வலம் இருபது நிமிஷத்தில் மண்டபம் சேர்ந்துவிட்டது. பெண் வீட்டார் ஆரத்திகூடக் கரைத்திருக்கவில்லை.

மெக்கானிக்குகள் சும்மா இருக்கவில்லை. பெடலைச் சரி செய்தார்கள், பேரிங்கை மாற்றினார்கள், அவர் வண்டியின் தட்டுக்கு லைனிங்கூடப் புதிதாக ஒட்டினார்கள், அதுவும் பழைய அளவுக்கே பார்த்துப் பார்த்து. தட்டையும் மூடியையும் மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. புத்தம் புதுச் சாமான், ராணுவத்துச் சாமான், அதில் என்ன வரப்போகிறது? நான் என் பங்குக்குப் பூசணிக்காய் உடைத்தேன்.

சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. ஒரு கிரகப்பிரவேசத்தில் பந்திக்கு உட்கார்ந்த இடத்தில் எங்கள் வீட்டுக்காரர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்.

“மச்சான் நல்ல சாமானை அமுக்கிக்கினு, உதவாததை என் தலையில கட்டிட்டான்.”

இரண்டு இலை தள்ளி ஏழுமலை உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. அவன் பாயசத்தோடு எழுந்துவிட்டான்.

“இன்னா மாமா பேசறீங்க? என் வண்டி மேளக்காரனை முட்டினது தெரியாதா உங்களுக்கு? நல்லது உங்ககிட்டதான் கீது. பிரிச்சது உங்க பொண்டாட்டி. அக்கா அக்கான்னு நம்பினேன், அது புருஷனுக்குப் பாத்துக் குடுத்துடுச்சி.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு போய் நின்று, அத்தனை பேர் முன்னால் சத்தியம் செய்தேன். “ஒரு நூல் வித்தியாசம் இல்லாமப் பிரிச்சேன். என் மேல தப்பு இருந்தா நான் டீச்சர் வேலையை விட்டுடறேன்.”

என் சத்தியம் அவ்வளவு பலமாக இருந்ததால், தப்பு என்னுடையது இல்லை என்று இருவருமே நம்பிவிட்டார்கள். அப்படியானால் தப்பு எதிராளியுடையதுதானே. அன்றோடு மாமன் மச்சான் பேச்சு நின்றது. தம்பி என் வீட்டுப் படி ஏறுவதும் நின்றது.

பாப்பாவின் காது

இதெல்லாம் ஜீப் விவகாரம் என்று நான் விட்டிருப்பேன். ஆனால் எங்கள் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும்.

எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒன்று, மூன்று வயதில் ஏதேதோ காரணத்தில் தள்ளிப்போனது. ஐந்தில் இந்தச் சண்டை. இப்போது ஏழு நடந்துகொண்டிருந்தது. தை வந்தால் எட்டு பிறந்துவிடும். வகுப்பில் எல்லாப் பெண்களும் தோடு போட்டிருக்க, இவள் மட்டும் வெறும் காதோடு போய் வருவாள். ஒருநாள் வேப்பங்குச்சியைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

“ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கானே, அவன் மடியில உக்கார வச்சா ஆகாதா?” என்று உறவில் கேட்டார்கள். ஆகும். சாஸ்திரத்துக்கு ஆகும். எனக்கு ஆகாது. அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது ஏழுமலை ஒருவன்தான். அவன் உயிரோடு, இரண்டு மைல் தூரத்தில், ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு இருக்கும்போது வேறொருவன் மடியில் என் பெண்ணை எப்படி உட்கார வைப்பேன்?

தணிகாசலம் ஷெட்

பழைய மெக்கானிக்குகள் கையை விரித்த பிறகு, அகரம்தென் போகிற வழியில் ஷெட் வைத்திருந்த தணிகாசலத்திடம் அவர் வண்டியை விட்டார். அதே வாரம் ஏழுமலையும் அங்கேயே விட்டிருக்கிறான். இருவருக்கும் பேச்சில்லை என்று தணிகாசலத்துக்குத் தெரியும். அதனால் ஒரு ஜீப்பை முன்பக்கம், இன்னொன்றை ஓலைத் தட்டிக்குப் பின்னால் நிறுத்தி, இவரைக் காலையிலும் அவனைச் சாயங்காலமும் வரச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டுக்காரர் வீட்டுச் சாவியை ஜீப்பிலேயே விட்டுவிட்டார் என்று எடுக்கப் போனேன். இரண்டு ஜீப்பின் கிளட்சும் கழற்றப்பட்டு, கோணியின்மேல் நான்கு உருப்படியும் வரிசையாகக் கிடந்தன. தணிகாசலம் மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கருப்புப் பிசுக்கு போகப் போக, பொட்டுகள் வெளியே வந்தன. மஞ்சள். வெள்ளை. வெள்ளை. மஞ்சள்.

“வாங்க டீச்சர். நல்ல நேரத்துல வந்தீங்க. இங்க பாருங்க” என்று அளவுக் கருவியை எடுத்துத் தட்டைக் கவ்வினார். “மஞ்சப் பொட்டுத் தட்டு மெலிசு. வெள்ளப் பொட்டுத் தட்டு தடி. ஒரு தீக்குச்சி கனம் வித்தியாசம் கீது. வேற வேற வருசத்து மாடல். மெலிசு தட்டுக்கு மஞ்ச மூடி, தடி தட்டுக்கு வெள்ள மூடி. அதுக்குத்தான் ராணுவத்துக்காரன் ஜோடி ஜோடியா பொட்டு வச்சி அனுப்பிகிறான்.”

“அப்படியா?” என்றேன்.

“இவங்க வண்டில இன்னா ஆயிருக்குன்னா, ஜோடி மாறிப்போச்சி. சார் வண்டில தடி மூடிக்குள்ள மெலிசு தட்டு. ஸ்பிரிங்கு எட்டாது, எப்டி இறுக்கிப் பிடிக்கும்? ஏழுமலை வண்டில மெலிசு மூடிக்குள்ள தடி தட்டு. விலக எடமே இல்ல, எப்டி வுடும்? போல்ட்டு ஓட்டையும் ஒண்ணு, பல்லும் ஒண்ணு. அதான் எவன் கண்ணுக்கும் தெரில.” துணியை உதறிக்கொண்டே கேட்டார்: “ஆமா, இவ்ளோ தெளிவா பொட்டு வச்சிகிறான். இதைப் போய்ப் பிரிச்ச மேதாவி யாரு டீச்சர்?”

நான் வாசகர்களிடம் பொய் சொல்வதில்லை. தணிகாசலத்திடம் சொன்னேன்.

“ஏலத்துலயே அப்படித்தான் கலந்து வந்திச்சு போல.”

“அப்ப ஒண்ணும் கவலை இல்ல. தட்டை மட்டும் மாத்திக்கினா போதும். இத்தோடது அதுக்கு, அத்தோடது இதுக்கு. ஒரு வேளை வேலை. ஆனா ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும். நானா மாத்தினா நாளைக்கு என் சட்டையைப் பிடிப்பாங்க.”

சாவியை எடுக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு வாசலில் அரை மணி நேரம் நின்றேன்.

மூன்று நாள் ஊமை

தணிகாசலம் இருவரிடமும் சொன்னார். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். என் வீட்டில் நடந்தது இது.

“என் தட்டை அவனுக்குக் குடுத்துட்டு, அவன் ஓட்டித் தேய்ச்சதை நான் வாங்கணுமா? தணிகாசலத்தைக் கையில போட்டுக்கினு நாடகம் ஆடறான். புதுசா லைனிங் ஒட்டினது நான்.”

“ஒருவேளை மெக்கானிக் சொல்றது நிஜமா இருந்தா?”

“நீதானே நூல் பிசகாமப் பிரிச்சே? அப்புறம் எப்படி மாறும்?”

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். நான் ரசம் எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன்.

தம்பியும், “மாமா சொல்லிக் குடுத்தாரா?” என்று கேட்டுவிட்டு ஜீப்பை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டானாம்.

மூன்று நாள் நான் ஊமையாக இருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பிள்ளைகளின் நோட்டில் எத்தனை ஆயிரம் முறை சிவப்பு மையால் ‘தவறு’ என்று எழுதியிருப்பேன். என் நோட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லாவிட்டால் தட்டும் மாறாது, தையும் வந்துவிடும். மார்கழியில் காது குத்த மாட்டார்கள்; கார்த்திகை முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

நான்காம் நாள் காலை. பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். “மாமா செத்துப்போய்ட்டாராம்மா?” என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: மாமா செத்துப்போனால் காது குத்த மாட்டார்கள் என்று.

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு லாங் சைஸ் நோட்டைத் தேடி எடுத்தேன்.

நானே என் நோட்டைத் திருத்தியது

பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மாடம்பாக்கத்துக்கு நடந்தே போனேன். ஏழுமலை வயர் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“கிளம்பு. தணிகாசலம் ஷெட்டுக்கு வா.”

“இன்னாத்துக்கு?”

“அக்கா கூப்பிடறேன், வா.”

வந்தான். ஷெட்டில் எங்கள் வீட்டுக்காரர் இருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒருவர் ஓலைத் தட்டியைப் பார்த்தார், ஒருவன் வேப்பமரத்தைப் பார்த்தான். நான் நடுவில் நின்று நோட்டைப் பிரித்தேன்.

“நான்தான் பிரிச்சேன்.”

“அது தெரிஞ்ச கதைதானே” என்றார் அவர்.

“தப்பாப் பிரிச்சேன்.”

இருவரும் திரும்பினார்கள்.

“ஜோடின்னு தெரியாது. ஒருத்தருக்கே ரெண்டும் வெள்ளையாப் போகக் கூடாதுன்னு ஆளுக்கு ஒண்ணா வச்சேன். இவரும் எதையும் அமுக்கலை, நீயும் எதையும் அமுக்கலை. சத்தியம் பண்ணினதும் நான்தான். அதுவும் தப்பு.”

தணிகாசலம் கையிலிருந்த ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தார். “அந்த மேதாவி நீங்கதானா டீச்சர்?”

மாமனும் மச்சானும், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அவருக்குத்தான் உதடு துடித்தது. அடுத்த நிமிஷம் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“கணக்கு டீச்சரு, மாமா!”

“வகுத்தல்ல நூத்துக்கு நூறுடா மச்சான்!”

“இன்னாக்கா நீ, அதுங்க புருஷன் பொண்டாட்டிக்கா. ரெண்டு குடும்பத்தையில்ல பிரிச்சி வுட்டுட்டே!” என்ற ஏழுமலை, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மன்னிப்புக் கேட்க வந்தவளைப் பார்த்தா சிரிப்பது? “சிரிக்காதே! அன்னிக்குக் காம்ப் ரோட்ல நான் வண்டியைத் தள்ளிக்கிட்டு நின்னப்போ, பாத்துக்கிட்டே போனியே. அதுக்கும் நானா காரணம்?”

அவன் சிரிப்பு நின்றது.

“நிறுத்தினா அப்புறம் கியர் விழாதுக்கா. அந்த டிராஃபிக்ல நடுரோட்டுல நின்னுடும். வூட்டுக்குப் போய் வண்டியைப் போட்டுட்டு, சைக்கிள் எடுத்துக்கினு திரும்பி வந்தேன். அதுக்குள்ள நீங்க போய்ட்டீங்க.”

நான் அங்கேயே நின்று அழுதேன். ஒளித்துக்கொள்ளவில்லை. எத்தனை நாள் அவனை மனசுக்குள் வைதிருந்தேன்.

வெள்ளையோ கருப்போ

தட்டுகளை மாற்றிப் பூட்டும் வேலை தொடங்கியது. மாற்றினால் அவருக்குத் தட்டும் மூடியும் இரண்டுமே வெள்ளை. தம்பிக்கு இரண்டும் மஞ்சள். நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது.

“மாமாவுக்கு ரெண்டும் வெள்ளையா? வாணாம். மூடியை மாத்து தணிகாசலம், மஞ்ச ஜோடியை மாமாவுக்கு வை” என்றான் ஏழுமலை.

“வேணாம் வேணாம், நீ வச்சுக்கோ. நீ நல்ல காரியத்துக்குப் போறவன்.”

“நீங்க பெரியவங்க, நீங்க வச்சுக்கோங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் தணிகாசலம்தான் சத்தம் போட்டார். “பாரம் தூக்கற வண்டிக்குத் தடி ஜோடி, ஊர்கோலம் போற வண்டிக்கு மெலிசு ஜோடி. வெள்ளையோ கருப்போ, பிடிச்சா சரி, வுட்டா சரி. நவுருங்க ரெண்டு பேரும்!”

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அவர் ஜீப்பில் மோட்டாரோடு என்னையும் ஏற்றிக்கொண்டு மாடம்பாக்கம் ஏரிக்கரை மேட்டில் முதல் கியரில் ஏறினார். உறுமல் இல்லை, நாற்றம் இல்லை, சாவகாசமாக ஏறியது. உச்சியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், கீழே ஏழுமலை வண்டியை நிறுத்துவதும் எடுப்பதுமாக இருந்தான். நாலடி போய் நிறுத்துவான். கியர் போடுவான். மறுபடி நாலடி. முன்னால் மேளமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. வழியில் மேய்ந்த எருமை மாடு ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

பிறகு இரண்டு ஜீப்பும் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் வாசலில் வந்து நின்றன. ஏழுமலை வாசல் கேட் அருகே கொஞ்சம் தயங்கினான்.

“அக்கா, சோறு கீதா?”

மூன்று பேருக்குத்தான் வடித்திருந்தேன். நான் யாருக்கும் அளந்து போடவில்லை. சட்டியோடு கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டேன். அவர் சாப்பிடாமல் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி, மார்கழிக்கு முன்னால் முகூர்த்த நாள் இருக்கிறதா என்று புரட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நாள் இருந்தது. இன்னும் மூன்று நாளில்.

பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த பாப்பா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இங்க வா” என்றான் ஏழுமலை. “உன்னை மடியில வச்சி நான் தாங்குவேனான்னு இப்பவே பாத்துக்கணும்.”

அவள் வந்து உட்கார்ந்தாள். ஏழு வயசுப் பெண், கால் இரண்டும் தரையைத் தொட்டது. அவன் கையிலிருந்த கிரீஸெல்லாம் அவள் கவுனில் ஒட்டியது.

“ஐயோ, இன்னா கனம்! கால் மரத்துப் போச்சிக்கா.”

“எழுந்துக்கட்டுமா மாமா?” என்று அவள் கேட்டாள்.

“வாணாம்” என்றான். “இரு.”